நம் வீட்டு உயரத்துக்கு ஒரு நிலை

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் இப்போதே படித்துவிடுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த ஒரு பையன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். பையன் என்கிறேன், அவனுக்கே இரண்டு பிள்ளைகள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. சுண்ணாம்புக்குளத்தில் அப்பா விட்டுப்போன மனையில் அறுநூற்று ஐம்பது சதுர அடியில் வீடு கட்டுகிறான். படத்தில் இருந்தது ஒரு செட்டிநாட்டு நிலைக்கதவு. நிலை முழுக்கப் பூவும் கொடியும் யாளியும். மேலே செதுக்கிய பலகையில் கஜலட்சுமி. கதவில் பித்தளைக் குமிழ் வரிசை வரிசையாக. "சார், காரைக்குடியிலேர்ந்து எடுக்கிறேன். நம்ம தலைவாசலுக்கு. ஒண்ணு நாப்பது சொல்றாங்க. இருபதாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டேன். எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தான்.

நான் ஒரு கட்டைவிரல் பொம்மையைப் போட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் தப்பான விடைக்குச் சிவப்பு மையில் சுழித்தவன் நான். வளர்ந்த மாணவன் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் விஷயத்தில் கருத்துக் கேட்டால் மனசு நோகக்கூடாது என்று 'சரி' போட்டுவிட்டேன். அந்தச் சரியைத் திருத்தத்தான் இந்தப் பதிவு. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரைப் போடாதீங்க சார், மத்தபடி எழுதுங்க" என்றான்.

முதலில் ஒரு பாடம். ஆசிரியர் ஓய்வு பெற்றாலும் பாடம் ஓய்வு பெறாது. இலக்கணப்போலி நினைவிருக்கிறதா? 'இல்முன்' என்பது 'முன்றில்' ஆனது. 'இல்வாய்' என்பது 'வாயில்' ஆனது. வீட்டுக்கு வாய் அது. அதனால் வாயில், பேச்சில் வாசல். அந்த வாசலில் நிற்கும் மரச்சட்டத்துக்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் 'நிலை'. ஒரு மனிதனுடைய நிலை என்ன என்று கேட்கிறோமே, அதே சொல். நம் நிலைக்கு ஏற்ற நிலை என்பதுதான் நான் சொல்ல வந்த மொத்த விஷயமும். வார்த்தை விளையாட்டு என்று தள்ளிவிடாமல் மேலே படியுங்கள்.

நிலை என்ன வேலை செய்கிறது? இரண்டு பக்கம் நிலைக்கால், மேலே ஒரு சட்டம், கீழே ஒரு படி. கதவைத் தாங்குவது முதல் வேலை. சுவரும் மரமும் சேரும் இடத்தை மூடுவது இரண்டாவது வேலை. மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். சுவர் அப்படிச் செய்யாது. அதனால் இரண்டும் சேரும் கோட்டில் எப்போதும் ஒரு விரிசல் விழும். அந்த விரிசலை மறைக்கத்தான் நிலையைச் சுற்றி ஒரு பட்டை. இன்றைக்கு ஆசாரிகள் 'பீடிங்' என்று தனியாக அடிக்கிறார்கள். பழைய வீடுகளில் நிலைச்சட்டமே அகலமாக இருந்து அந்த வேலையையும் பார்த்துக்கொள்ளும். பூ வேலை, கொடி வேலை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. வேலை முதலில், அழகு அதன் மேலே.

சரி, அப்படியானால் செட்டிநாட்டு நிலை ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது? அங்கே அந்த வீடு அவ்வளவு பெரிது. ஒரு தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடியும் வீடுகள் அவை. தலைவாசலில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒன்றின் பின் ஒன்றாக வாசல்கள் நேர்கோட்டில் பின்தெரு வெளிச்சம் வரைக்கும் தெரியும். சுவர் கனம், கூரை உயரம். நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் செய்த காலத்தில் அங்கிருந்து தேக்கு வந்தது. அந்தக் கனமான சுவருக்கு அந்தக் கனமான நிலை பொருந்தியது. சுவர் முழுக்கச் சுண்ணாம்பும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த வழவழப்பு. அதன் நடுவில் கறுத்த தேக்கு. ஒன்றுக்கு ஒன்று துணை. 2014-ல் அந்த ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள் என்றால், சேர்த்தது ஒரு கதவை அல்ல, ஊரையும் வீட்டையும் சேர்த்து.

1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தது. தொழில் போயிற்று, பிள்ளைகள் பட்டணம் போனார்கள், பங்காளிகள் பெருகினார்கள். பராமரிக்க முடியாத வீடுகளைப் பிரித்துத் தூண் தூணாக, கதவு கதவாக விற்றார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் பையன் அனுப்பிய படத்தில் இருந்தது ஒரு கதவு மட்டும் இல்லை. எங்கோ ஒரு வீடு இடிந்தபோது மிஞ்சிய துண்டு. வாங்குவது தப்பில்லை. கறையானுக்குப் போவதற்கு ஒரு வீட்டில் நிற்பது மேல். ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

இதை நான் போனில் சொன்னபோது அவன் ஒரு கேள்வி கேட்டான். அந்தக் கேள்விதான் என்னை இவ்வளவு எழுத வைக்கிறது.

"செட்டியாருக்குச் செட்டிநாட்டு வீடு இருக்கு. கேரளாக்காரனுக்குக் கேரளா வீடு இருக்கு. நம்ம ஊருக்குன்னு இன்னா சார் இருக்கு? குடிசைதானே? எங்க நைனா சாகுற வரைக்கும் குனிஞ்சிதான் உள்ள போனாரு, குனிஞ்சிதான் வெளிய வந்தாரு. நான் நிமிர்ந்து போகக்கூடாதா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவன் அப்பாவை எனக்குத் தெரியும். எறா பிடிக்கப் போய்விட்டு விடியற்காலை வந்து, பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வகுப்பறைக் கதவிலும் பழக்கதோஷத்தில் குனிந்தபடிதான் நிற்பார். அந்தக் குனிவை மறக்க ஒரு மகன் கஜலட்சுமி செதுக்கிய நிலை வாங்க நினைத்தால் அதை ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். அதில் நியாயம் இருக்கிறது. அவன் நிமிர்ந்துதான் போக வேண்டும். ஏழடி வாசல் வைத்தால் எந்த உயரமானவனும் நிமிர்ந்து போகலாம். அதற்கு யாளி தேவையில்லை என்பது மட்டும்தான் என் கட்சி.

நமக்கு ஒன்றும் இல்லை என்று அவன் சொன்னதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

நம் ஊர்ப் பெயரிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. ஏரியில் வாரிய கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து வீடு கட்டிய கரை இது. கொஞ்சம் தெற்கே போனால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர். 1825-ல் ஆங்கிலேயரிடம் போகும் வரை இடையில் சில காலம் தவிர அவர்கள் கையில் இருந்தது. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தை இன்றும் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. ஐந்தாம் வகுப்புச் சுற்றுலாவுக்கு உங்களைக் கூட்டிப்போனேன், ஞாபகம் இருக்கும். நுழைவாயிலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய கல். அதைப் பார்த்து அழுதவர்கள் யார் யார் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, இங்கே சொல்ல மாட்டேன். ஆனால் யோசியுங்கள். அதுவும் ஒரு வாசல் அலங்காரம்தான். உள்ளே என்ன இருக்கிறதோ அதைச் சொல்லும் அலங்காரம். அதே ஊர் ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்பூராங்கல்லில் கட்டியது. கருங்கல் மாதிரி இழைத்துச் செதுக்க அந்தக் கல் இடம் தராது. எந்தப் பொருள் கையில் இருக்கிறதோ அதற்குத் தக்க வேலை.

நம் குடிசைக்கும் அந்தக் கணக்கு இருந்தது. கூரை ஏன் தாழ்ந்தது? ஏரிக்காற்றும் புயலும் கூரையைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க. வாசல் தாழ்ந்தது அந்தக் கூரையால். பனங்கை, பனையோலை, மண்சுவர், அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சு. நிலை இருந்தால் வேம்பு, செதுக்கல் இல்லாமல் இழைத்த சட்டம். கதவுக்கு இரும்புக் கீல் கிடையாது. கதவின் மேலும் கீழும் குடுமி விட்டு நிலையில் குழி எடுத்துச் சொருகியிருப்பார்கள். உப்புக்காற்றில் குடுமி துருப்பிடிக்காது. இதையெல்லாம் வறுமை என்று மட்டும் சொன்னால் நம் தாத்தாக்களுக்கு மூளை இல்லை என்று சொன்ன மாதிரி. வறுமையும் இருந்தது, மூளையும் இருந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். உறவுக்காரர்களுக்குப் பாதி தெரியும். மீதியை இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

2016-ல் ஓய்வு பெற்றேன். வந்த பணத்தில் பழைய வீட்டை இடித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டினேன். பழைய வீட்டில் ஒரு வேம்பு நிலை. அதன் கீழ்ப்படி மட்டும் வேறு மரம், தாத்தா ஓட்டிய படகு உடைந்தபோது அதன் அடிமரத்தில் நல்லாயிருந்த பாகத்தை அறுத்துப் போட்டது. நடுவில் தேய்ந்து பள்ளமாக இருக்கும். அம்மா சாயங்காலம் அதில் உட்கார்ந்துதான் அரிசியில் கல் பொறுக்குவார். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார். நான் அதைப் பழைய மரக்காரனிடம் மற்ற சாமானோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். மொத்தத்துக்கு எண்ணூறு ரூபாய் கொடுத்தான். அந்தப் பணத்தில் கொத்தனார்களுக்கு டீயும் பன்னும் வாங்கினேன்.

புது வீட்டுக்கு ஒரு கடையில் ரெடிமேட் நிலைக்கதவு வாங்கினேன். மயில், பூச்சாடி, நடுவில் பிள்ளையார். நல்ல மரம் என்றுதான் சொன்னார்கள், நானும் கேள்வி கேட்கவில்லை. மாணவன் கேள்வி கேட்காவிட்டால் திட்டுவேன், நான் மட்டும் கேட்கவில்லை. முதல் மழைக்காலத்தில் கதவு ஊதி மூடாமல் போனது. ஆசாரியை வைத்து ஓரம் இழைத்தேன். கோடையில் சுருங்கி விரல் நுழையும் சந்து. செதுக்கல் குழிகளில் உப்பு ஈரமும் தூசியும் அடைந்து மயிலுக்குக் கழுத்தில் பூஞ்சை பிடித்தது. ஐந்தாம் வருஷம் இடது நிலைக்காலைத் தட்டினேன், பொத் என்றது. உள்ளே கறையான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. வழுக்கி விழுவார்கள், தடுக்கி விழுவார்கள் என்று நவீனமாகக் கீழ்ப்படி இல்லாமல் மூன்று பக்கச் சட்டம் மட்டும் வைத்திருந்தேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தாழ்வாரத்தில் ஏறிய தண்ணீர் தடையில்லாமல் கூடத்துக்கு வந்தது. பழைய படி ஆறு அங்குலம். தண்ணீர் வந்தது நாலு அங்குலம். அன்று ராத்திரி துடைப்பமும் கையுமாக நின்றபடி இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

இதெல்லாம் பணநஷ்டம், போகட்டும். கிரகப்பிரவேசத்துக்குத் தங்கச்சி வந்திருந்தாள். சீர்த்தட்டோடு வாசலில் வந்து நின்றவள் உள்ளே வராமல் கீழே பார்த்தாள். "அண்ணா, அம்மா உக்காந்த படி எங்கே?" என்றாள். "அது உளுத்துப்போச்சும்மா, எடுத்துட்டேன்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே வந்தாள், பந்தியில் பரிமாறினாள், சிரித்தாள், போனாள்.

படி உளுத்திருக்கவில்லை. அது பொய். தங்கச்சி இந்தப் பதிவைப் படிப்பாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கல்யாணம் ஆகிப்போன அவள் பெயரில் தாய்வீட்டுப் பட்டா இல்லை, பங்கு கேட்கவும் அவள் கேட்கவில்லை. அவளுக்கு என்று இருந்தது அந்தப் படியில் உட்காரும் உரிமை ஒன்று. அதை எண்ணூறு ரூபாய்க்கு விற்க எனக்கு அதிகாரம் இல்லை. மன்னித்துக்கொள் அம்மா.

நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்ட என் மாணவனுக்கு இதுவும் ஒரு பதில். இருந்ததை நான்தான் வண்டியில் ஏற்றி அனுப்பினேன். என்னைப் போல ஒவ்வொருவரும் அனுப்பினோம். பிறகு ஒன்றும் இல்லை என்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கட்டும் வீட்டுக்கே போனேன். பையில் சாக்பீஸ், டேப். முன்சுவர் இன்னும் பூசவில்லை. சுவரின் அகலம் பதினோரு அடி, தளம் வரை உயரம் பத்தடி. அவன் வாங்கப்போகும் நிலை சுற்றுச்சட்டத்தோடு ஐந்தரை அடி அகலம், மேல் பலகையோடு எட்டே முக்கால் அடி உயரம். அந்த அளவை அப்படியே செங்கல் மேல் சாக்பீஸால் வரைந்தேன். கரும்பலகையில் வரைந்த கை, கோடு இன்னும் நேராகத்தான் வருகிறது. பிறகு ஜன்னலுக்கு இடம் குறிக்கச் சொன்னேன். நாலடி ஜன்னலுக்கு இடம் இல்லை, இரண்டடிதான் மிச்சம்.

அவன் அம்மா தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாடா இது, ஊட்டை விட வாசப்படி பெருசா கீது" என்றார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அளவு என்பது அவ்வளவுதான். வரைந்து பார்த்தால் படிக்காதவருக்கும் தெரியும். படத்தில் பார்த்தால் படித்தவருக்கும் தெரியாது. அவனுக்கும் அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு முகம் மாறியது. ஆனாலும் அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. அட்வான்ஸ் பணம் திரும்ப வருமா என்ற கவலை. இருபதாயிரம் சின்னத் தொகை இல்லை, அது அவன் ஒரு மாதச் சம்பளம். அந்தக் கவலைக்கு என்னிடம் பதில் இல்லை. இருபதாயிரத்தைக் காப்பாற்ற இன்னும் ஒரு லட்சத்து இருபதாயிரம் கொடுப்பதா என்று மட்டும் கேட்டேன்.

இனி வீடு கட்டும் மற்றவர்களுக்கு. நான் ஆசாரி இல்லை, பொறியாளர் இல்லை. பட்டும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. நிலை வாங்கும் முன் முழு அளவில் சுவரில் வரையுங்கள். சாக்பீஸ் ஐந்து ரூபாய். தெருவில் நின்று பாருங்கள், உள்ளேயிருந்தும் பாருங்கள். சின்ன முகப்புக்கு மூன்றரைக்கு ஏழு அடிக் கதவு தாராளம். சுற்றுப்பட்டை மூன்று நான்கு அங்குலம் போதும். ஜன்னலுக்கும் அதே பட்டையைச் சிறிதாக்கி வையுங்கள். வாசல் ஒரு ஊரிலும் ஜன்னல் ஒரு ஊரிலும் பிறந்த மாதிரி இருக்கக்கூடாது.

2. சுவரின் கனத்தைப் பாருங்கள். நம் வீடுகள் ஒன்பது அங்குலச் சுவர். ஐந்துக்கு மூன்று சட்டம் அதற்குப் பொருந்தும். ஒன்றரை அடிச் சுவருக்குச் செய்த பழைய நிலையை ஒன்பது அங்குலச் சுவரில் வைத்தால் வெளியே துருத்தும். அதை மறைக்கச் சிமெண்டால் தூண், வளைவு என்று போலி வேலை செய்ய வேண்டிவரும். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்.

3. ஏரிக்கரை, கடற்கரை ஊர்களில் ஆழமான செதுக்கல் வேண்டாம். குழியில் ஈரம் நிற்கும். நேர்கோடாக ஒன்றிரண்டு வரி இழைத்தால் போதும், துணியால் ஒரு தடவை துடைத்தால் சுத்தம். அழகு வேண்டும் என்றால் மேல்சட்டத்தில் ஒரே ஒரு பூ போடுங்கள். கோலம் இருக்கிறது, மாவிலை இருக்கிறது, அதெல்லாம் தினம் புதிதாக வரும் அலங்காரம்.

4. மரம். தேக்குக்குக் கறையானைத் தாங்கும் எண்ணெய் உடம்பிலேயே இருக்கிறது, விலையும் அதற்குத் தக்க இருக்கிறது. வேங்கை, நன்றாக முற்றிய வேம்பு இவையும் போதும். எதுவானாலும் காய்ந்த மரமா என்று பாருங்கள். பச்சை மரம் எந்த ஜாதியானாலும் கோணும். சுவருக்குள் மறையும் பக்கத்துக்குத் தாரோ பிரைமரோ பூசாமல் பதிக்க விடாதீர்கள். இரும்புக் கீலும் இரும்பு ஆணியும் நம் காற்றில் நிற்காது. பித்தளை அல்லது நல்ல எவர்சில்வர். நம் ஆட்கள் மரப்படகுக்கு எண்ணெய் பூசிப் பாதுகாத்தவர்கள். வீட்டு நிலைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை மழைக்கு முன்னால் எண்ணெயோ வார்னிஷோ காட்டுங்கள்.

5. தலைவாசலுக்குக் கீழ்ப்படி வையுங்கள். தண்ணீர், நட்டுவாக்காலி, பாம்பு எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் காவல். உள் அறைகளுக்கும் குளியலறைக்கும் உயரப்படி வேண்டாம். என் வயதுக்காரர்கள் விழுந்து இடுப்பு முறிவது அங்கேதான். தலைவாசல் படி அருகில் ஒரு கைப்பிடி வைத்தால் இன்னும் நல்லது. சக்கர நாற்காலி வரும் வீடு என்றால் படிக்கு இரண்டு பக்கமும் சாய்தளம் போட்டுக்கொள்ளலாம்.

6. பழைய நிலை வாங்கினால் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள், அடியைக் குத்திப் பாருங்கள், எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டு ரசீது வாங்குங்கள். கோயில் சாமான் வாடை அடித்தால் தொடவே வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒன்று: நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்ப வேலைப்பாடு 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் கணக்கில் வரும், அதை நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. சிங்கப்பூர் வீட்டுக்கு என்று ஆசைப்பட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

7. பணம் குறைவு என்றால் வெட்கப்படாதீர்கள். கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) நிலைச்சட்டத்துக்குப் போகும் செலவைப் பார்த்துவிட்டு, நிலையே இல்லாமல் பலகைகளைச் சேர்த்துக் கதவு செய்து சுவரிலேயே மாட்டலாம் என்று செய்து காட்டினார். அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் என்று 2024-ல் அறிவித்தார்கள். அந்த வீட்டில் இருப்பவர் பக்கத்து வீட்டைப் பார்த்து ஒரு லட்சத்துக்குக் கதவு போட்டால், கழிவறைக்குக் கதவு போடக் காசு இருக்காது. நான் பார்த்திருக்கிறேன். முன்னால் யாளி, பின்னால் சாக்குத் திரை.

8. உள்ளூர் ஆசாரியைக் கூப்பிடுங்கள். சுனாமிக்குப் பிறகு பைபர் படகு பெருகியதில் மரப்படகு செய்தவர்களுக்கு வேலை குறைந்துபோனது. உப்புத்தண்ணீரில் மரம் எப்படி நடந்துகொள்ளும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? அவர்கள் கைக்கு ஒரு நிலை செய்வது பெரிய வேலை இல்லை. செதுக்கத் தெரியாது என்பார்கள். செதுக்க வேண்டாம், பொருத்தமாக இணைத்துத் தாருங்கள் என்று சொல்லுங்கள்.

முடிந்தால் குடும்பத்தோடு ஒரு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போய் வாருங்கள். 1996-ல் திறந்தது. செட்டிநாட்டு வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, ஆந்திரக் கடலோரத்து வட்ட வீடு எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பலவற்றைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். மற்றதை விடுங்கள், ஒவ்வொரு வீட்டின் வாசலை மட்டும் பாருங்கள். செட்டிநாட்டு வாசலில் நின்றபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த வட்ட வீட்டின் தாழ்ந்த வாசலில் குனிந்தபோது என் தாத்தா நினைவு வந்தது. இரண்டும் நல்ல வாசல்தான், ஏனென்றால் இரண்டும் அந்தந்த வீட்டின் வாசல். இடம் மாற்றி வைத்தால் இரண்டுமே கோமாளித்தனம்.

என் மாணவனுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. உன் நைனா குனிந்து போனதை மறக்க நினைக்கிறாய். எனக்குப் புரிகிறது. ஏழடி வாசல் வை. வெளிச்சம் நேராகக் கூடத்தில் விழட்டும். மிச்சமாகும் பணத்தில் வாசலுக்கு வெளியே உன் அம்மா உட்கார ஒரு திண்ணை கட்டு. அன்றைக்குச் சாக்பீஸ் கோட்டைப் பார்த்துவிட்டு உன் அம்மா என்னிடம் தனியாகக் கேட்டது அது ஒன்றைத்தான்: "குந்தறதுக்கு ஒரு எடம் வுடுவானா சார்?" உன்னிடம் கேட்கக் கூச்சப்பட்டார். நான் சொல்லிவிட்டேன். இதற்குப் பிறகும் அந்தக் கதவுதான் வேண்டும் என்றால் அது உன் வீடு, உன் உழைப்பு. நான் கிரகப்பிரவேசத்துக்கு வருவேன், நல்லா இருக்கு என்று மட்டும் சொல்ல மாட்டேன். அந்தக் கட்டைவிரலை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

மற்றவர்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். உங்கள் ஊரில், தாய்வீட்டில், பாட்டி வீட்டில் பழைய நிலை ஏதாவது நின்றுகொண்டிருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். அளவு எடுங்கள், ஒரு படம் எடுங்கள், அது என்ன மரம், யார் செய்தது என்று வீட்டில் மூத்தவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். வீட்டை இடிப்பதாக இருந்தால் இடியுங்கள், யாரும் தடுக்கவில்லை. அந்த நிலையைப் புது வீட்டில் எங்காவது பொருத்த முடியுமா என்று ஆசாரியைக் கேட்டுவிட்டு இடியுங்கள். முக்கியமாக, கல்யாணமாகிப்போன அக்கா தங்கைகளைக் கேட்டுவிட்டு இடியுங்கள்.

கறையான் தின்ற என் மயில் நிலையைத் தை மாதம் மாற்றப்போகிறேன். வேங்கைச் சட்டம், செதுக்கல் இல்லை, பித்தளைக் கீல், ஆறு அங்குலப் படி. படகு ஆசாரி ஒருவரிடம் பேசியிருக்கிறேன். பழைய படி திரும்ப வராது, அது எந்த டீக்கடை அடுப்பில் எரிந்ததோ. இந்தப் படியில் முதலில் மஞ்சள் பூச வேண்டியவள் தங்கச்சி. தேதி குறித்ததும் போன் செய்கிறேன் அம்மா, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்,
சுண்ணாம்புக்குளம்.